லயத்து வீட்டிலிருந்து பொருளாதார பிஎச்டி: சுங்கை சிப்புட் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பொருளாதார பிஎச்டி பற்றிப் பேச மாணவர்களைச் சந்தித்தபோது நேரம் போதவில்லை. பலர் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று தோட்டத்துச் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது. எழுதியவர் ஓர் அப்பா. நானும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகுமுன் பால்வாளி தூக்கியவன் என்பதால், எல்லாச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. சராசரி மதிப்பெண் 4க்கு 3.7 புள்ளி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் பிஎச்டிக்கு இது போதுமா?

புள்ளி நன்றாக இருக்கிறது, தம்பி. ஆனால் பொருளாதாரத் துறையின் சேர்க்கைக் குழு முதலில் தேடுவது நீங்கள் எடுத்த கணிதப் பாடங்களை. பல மாறிகள் கொண்ட நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவும் புள்ளியியலும், அப்புறம் ரியல் அனாலிசிஸ். என் காலத்தில் எனக்கு வழிகாட்டிய ஒருவர், "பொருளாதாரத்துக்கு எதற்குப்பா இவ்வளவு கணக்கு?" என்றார். அதை நம்பி நான் இரண்டு வருடம் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

அங்கே முதலாம் ஆண்டு முழுக்க நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதாரத் தரவுகளை ஆராயும் புள்ளியியலான எக்கனாமெட்ரிக்ஸ்தான். மூன்றும் நிரூபணமாகவே நடக்கும். அந்த ஆண்டின் முடிவில் பெரும்பாலான இடங்களில் தகுதித் தேர்வு உண்டு. அதில் தேறாதவர் மேலே போக முடியாது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் கூடுதல் கணிதத்தில் நாம் பழகியது விடை கண்டுபிடிப்பதை. இங்கே கேட்பது வேறு.

ஒன்றைச் செய்து பாருங்கள். ஓர் எண்தொடர் ஓர் எல்லையை நெருங்கிக்கொண்டே போனால், அது ஒரு கட்டுக்குள்தான் இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். "தெரிந்ததுதானே" என்று தோன்றும். சரி, எழுதுங்கள். எல்லைக்கு இருபுறமும் ஓர் அலகு தள்ளி வேலி போடுங்கள். ஏதோ ஓர் எண்ணுக்குப் பிறகு வருபவை எல்லாம் வேலிக்குள் வந்துவிடும். வெளியே நிற்கக்கூடியவை அதற்கு முன்னால் வந்தவை மட்டுமே. அவற்றை எண்ணி முடித்துவிடலாம், அதனால் எல்லையிலிருந்து மிகத் தொலைவில் நிற்பது எது என்று சொல்லிவிடலாம். அந்தத் தொலைவு, வேலியின் தொலைவு, இரண்டில் எது பெரிதோ அதுவே உங்கள் கட்டு. இப்படி ஐந்தாறு வரியை ஓட்டையில்லாமல் எழுதப் பழகுவதுதான் ரியல் அனாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒன்று எழுதுங்கள். எம்ஐடி பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தின் காணொளிகளையும், கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித வகுப்புகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் மதிப்பெண் பட்டியலிலும் அது தெரிய வேண்டும். அதனால் கணிதத் துறைக்குப் போய், விருப்பப் பாடமாக எடுக்க அனுமதி கேளுங்கள். முதல் முறை மறுத்தால் இரண்டாம் முறை கேளுங்கள்.

ஐயா, மகள் நன்றாகப் படிக்கிறாள். பிஎச்டிக்கு எவ்வளவு பணம் சேர்க்க வேண்டும்? சேமநிதியை எடுக்கலாமா?

இதுதான் சம்பளச் சீட்டில் வந்த கேள்வி. ஐயா, சேமநிதியைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் நல்ல பொருளாதாரத் துறைகள் தாங்கள் சேர்க்கும் பிஎச்டி மாணவருக்குப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐந்து வருட அளவுக்கு உதவித்தொகையும் கொடுக்கின்றன. பதிலுக்குப் பிள்ளை அங்கே பாடம் நடத்த உதவுவாள், ஆய்வில் உதவுவாள். பணம் இல்லாமல் இடம் மட்டும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதுகலைப் படிப்பு வேறு கதை. அதற்குப் பெரும்பாலும் கைக்காசுதான். ஆனால் இளங்கலை முடித்தவுடனேயே அமெரிக்க பிஎச்டிக்கு விண்ணப்பிக்க முடியும்.

உங்களை உண்மையில் இடிக்கப் போவது விண்ணப்பச் செலவு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஏறக்குறைய 100 டாலர், மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்கு 200 டாலருக்கு மேல். பத்து இடத்துக்குப் போட்டால், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அது இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும். பல பல்கலைக்கழகங்களில் கட்டண விலக்கு கேட்கலாம். கேட்பதில் வெட்கமே வேண்டாம். எல்லா இடமும் ஜிஆர்இ கேட்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் மகள் நேரில் ஆலோசனை கேட்கலாம். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையைக் கவனிப்பவர்களும் அவர்களே.

அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறார், அம்மா வெளிக்காட்டு வேலை. இதை விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாமா, மறைக்க வேண்டுமா?

எழுதுங்கள் அம்மா. ஆனால் கஷ்டமாக மட்டும் எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள்.

கரீபியனில் செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ், 1940இல் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கி, 1979இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் விடாமல் கேட்ட கேள்வி நம் வீட்டுக் கேள்வி. தோட்டத்தில் விளைச்சல் கூடினாலும் தொழிலாளியின் கூலி ஏன் கூடுவதில்லை? ஊரில் விவசாயத்தில் மிகக் குறைவாகச் சம்பாதித்தவர்கள் அந்தக் குறைந்த கூலிக்கே தோட்டத்துக்கு வரத் தயாராக இருந்தார்கள். அதனால் விளைச்சல் கூடியதன் பலன் கூலியில் சேராமல், மலிவான விலையாகப் பொருளை வாங்கியவர்களுக்குப் போனது என்று அவர் விளக்கினார். நம் தாத்தா கப்பலேறி வந்த கதையை ஒரு பொருளியல் மாதிரியாக எழுதியவர் அவர்.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். விடியற்காலை மழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், இருக்கும் பால் தண்ணீரோடு வழிந்துவிடும். அந்த வாரம் உங்கள் வீட்டில் எதைக் குறைத்தீர்கள்? மளிகைக் கடையில் கடன் எவ்வளவு ஏறியது? கிறிஸ்டினா பாக்ஸன் என்ற பொருளியலாளர் தாய்லாந்து நெல் விவசாயிகளின் சேமிப்பை மழை அளவை வைத்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. மரம் வெட்டுபவர் வீட்டில் அதே கேள்வியைக் கேட்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. தரவும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் 1976–77இலும் 1988–89இலும் மலேசியக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வின் தரவுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்தலாம். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கியதே, அதுவும் ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டிய விஷயம். யாராவது எடுத்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆங்கிலம் பயமாக இருக்கிறது.

டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும், தயாரானால் தாண்டிவிடலாம். பொருளாதாரக் கட்டுரையின் ஆங்கிலம் எளிமையானது. தினமும் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டுமாம். வகுப்பில் 200 பேர். விரிவுரையாளருக்கு என் பெயரே தெரியாது.

"இவர் நல்ல மாணவர், ஏ வாங்கினார்" என்ற கடிதத்தால் பயன் இல்லை. உங்களோடு வேலை செய்தவர் எழுத வேண்டும். ஆய்வு செய்கிற ஒரு விரிவுரையாளரின் அறைக்குப் போங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, தரவைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு முன் தரவை அலச உதவும் ஸ்டாட்டா மென்பொருளோ ஆர் மொழியோ கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் முடிந்ததும் ஒன்றிரண்டு வருடம் முழுநேர ஆய்வு உதவியாளராக இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, அதை ப்ரீடாக் என்கிறார்கள். சம்பளமும் உண்டு. அமெரிக்காவில் கிடைக்காவிட்டால் மலேசியாவின் கஜானா ஆய்வுக் கழகம் போன்ற இடங்களில் முயலுங்கள்.

அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் பல பின்னணி மாணவர்களுக்காக 1974 முதல் கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது பெரும்பாலும் அமெரிக்க மாணவர்களை மனதில் வைத்தது. நமக்கு ப்ரீடாக்தான் நெருக்கமான வாசல்.

வயது 31. பள்ளி ஆசிரியர், இரண்டு பிள்ளைகள். தாமதமாகிவிட்டதா?

இல்லை டீச்சர். பொருளாதார நோபல் பெற்ற பானர்ஜி, டூஃப்லோ நடத்தும் எம்ஐடியின் இணையப் பாடங்களில் இரவில் ஒன்றை முடித்துப் பாருங்கள். இலவசமாகவே கேட்கலாம், சான்றிதழ் தேர்வுக்கான கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. பிடித்தால் அடுத்த நுண்கணிதப் பாடம். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், பதில் பிப்ரவரி, மார்ச்சில் வரும், பணத்தோடு இடம் கிடைத்தவர்கள் பொதுவாக ஏப்ரல் 15க்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்த வருட டிசம்பர் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். குறித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள் கட்டுரையை நான் படித்துத் தருகிறேன்.