ஆளில்லாத ஆவிகளுக்கு ஒரு விருந்து

கேள்வி: சீனர்கள் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நரகத்தின் கதவு திறந்து பேய்கள் வெளியே வருவதாக நம்பித் தெருவில் சோறு படைக்கிறார்கள், காகிதப் பணத்தைக் கட்டுக்கட்டாகக் கொளுத்துகிறார்கள். கைபேசியும் கணினியும் செய்து உலகுக்கே விற்பவர்களுக்கு இந்த மூடப்பழக்கம் எதற்கு? பேய்க்குப் பயந்து லஞ்சம் கொடுப்பதற்குப் பெயர் பண்டிகையா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். புது வீடு குடிபோக மாட்டார்கள். பிள்ளைகளை ஆறு, கடல் பக்கம் விட மாட்டார்கள். ஆனால், அந்தச் சோறு யாருக்கு என்று நீங்கள் விசாரித்திருக்க வேண்டும்.

சொந்த முன்னோருக்கான படையல் வீட்டுக்குள்ளே நடக்கும். வாசலிலும் தெருவோரத்திலும் வைப்பது வேறு படையல். பிள்ளையில்லாமல் போனவர்கள், கடலில் மூழ்கியவர்கள், சண்டையில் செத்து அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் என்று, நினைத்துப் பார்க்க ஒரு நாதியும் இல்லாதவர்களுக்கு அது. தைவானில் அந்தப் படையலுக்கு அருகே ஒரு பாத்திரத்தில் தண்ணீர், துண்டு, சீப்பு, கண்ணாடி எல்லாம் வைக்கிறார்கள். வருகிறவர்கள் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு சாப்பிட உட்காரட்டும் என்ற எண்ணம். லஞ்சம் கொடுக்கிறவன் துண்டும் சீப்புமா எடுத்து வைப்பான்?

இதன் வேர்க்கதை பௌத்தத்துடையது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் தம் தாய் பசித்த ஆவியாக அலைவதைக் காண்கிறார். அவர் கொடுத்த சோறு தாயின் வாயருகே போனதும் நெருப்புக் கங்காகிவிடுகிறது. உன் ஒருவனால் ஆகாது, மழைக்காலத் தவம் முடியும் நாளில் துறவிகள் அனைவருக்கும் உணவளி என்கிறார் புத்தர். அந்த நாள்தான் ஏழாம் மாதத்தின் 15ஆம் நாள். தாவோ மதத்தாருக்கும் அது பாவங்களை மன்னிக்கும் 'நில அதிகாரி' என்ற தெய்வத்தின் திருநாள். ஒரே பௌர்ணமியில் இரண்டு மதங்களும் கலந்துவிட்டன. நம் ஊர்த் தர்ப்பணத்திலும் தாய், தந்தை, சுற்றம் யாருமற்றவர்களுக்கென்று கடைசியாக எள்ளும் நீரும் விடுகிறோம். அதை மூடப்பழக்கம் என்று இதே வேகத்தில் எழுதியிருப்பீர்களா?

தைவானின் துறைமுக நகரமான கீலுங்கைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தின் ஜாங்சோ, சுவான்சோ என்ற இரு வட்டாரங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1850களின் தொடக்கத்தில் அங்கே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பு எலும்புகளையும் சேர்த்தெடுத்து ஓரிடத்தில் அடக்கம் செய்தார்கள். 1855 முதல் ஏழாம் மாதச் சடங்கை ஆண்டுக்கொரு குலப்பெயர்க் குழு பொறுப்பேற்று நடத்துவது என்று ஏற்பாடாயிற்று. தொடக்கத்தில் அப்படி 11 குழுக்கள். இந்த ஏற்பாட்டின் கூர்மையைக் கவனியுங்கள். சென், லின் போன்ற குலப்பெயர்கள் இரு வட்டாரத்திலும் உண்டு. குலப்பெயரால் பிரித்த உடனே, நேற்றுவரை எதிரியாக இருந்தவன் உன் குழுவில் வந்து நிற்கிறான். யார் குத்தினார்கள் என்ற போட்டி போய், யார் சடங்கைச் சிறப்பாக நடத்துகிறார்கள் என்ற போட்டி வந்தது. இன்றும் ஏழாம் மாதம் முதல் நாள் அந்த அடக்கத் தலத்தின் கதவைத் திறக்கிறார்கள். 14ஆம் நாள் இரவு, கடலில் மாண்டவர்களுக்கு வழிகாட்ட, குலப்பெயர் எழுதிய வீடு போன்ற விளக்குகளைக் கொளுத்திக் கடலில் விடுகிறார்கள். எட்டாம் மாதம் முதல் நாள் கதவை மூடுகிறார்கள். அரிவாளைக் கீழே போட வைத்த ஒரு சடங்கை லஞ்சம் என்று எழுத எனக்குக் கை வராது.

கைபேசி என்றீர்கள். அதற்குள்ளே இருக்கும் சில்லுகளைச் செய்யும் தைவான் தொழிற்பேட்டைகளிலும் இந்த மாதத்தில் பொறியாளர்கள் கையில் ஊதுபத்தியோடு படையல் மேசை முன் நிற்கிறார்கள். சீனப் பெருநிலத்தில் 1966இல் மாவோவின் கலாச்சாரப் புரட்சியில், பழைய சிந்தனை, பண்பாடு, வழக்கம், பழக்கம் என்ற 'நான்கு பழமைகளை' ஒழிக்கிறோம் என்று கிளம்பி, கோயில்களையும் குல மண்டபங்களையும் உடைத்தார்கள். அதே அரசு 2008 முதல், கல்லறைகளைத் துப்புரவாக்கி முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளைப் பொது விடுமுறையாக்கியிருக்கிறது.

உங்கள் கேள்வியில் நான் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: காகிதம் எரிப்பது. அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. அதை அந்த மக்களே உணர்ந்திருக்கிறார்கள். தைபேயில் கூட்டம் அலைமோதும் சிங்டியன் கோயில் 2014இல் ஊதுபத்திச் சட்டிகளையே அகற்றிவிட்டது. பல தைவான் நகரங்களில் காகிதப் பணத்தை வீடுகளிலிருந்து வண்டியில் திரட்டி, புகையைக் கட்டுப்படுத்தும் உலைகளில் மொத்தமாக எரிக்கிறார்கள். இது இன்னும் பரவ வேண்டும் என்பதே என் விருப்பமும். சோற்றுப் படையலோ யாருக்கும் கேடு செய்யவில்லை. ஹாங்காங்கில் சடங்கு முடிந்ததும் மூட்டை மூட்டையாக அரிசியை முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதற்காக அவர்கள் காலையிலிருந்தே வரிசையில் காத்திருக்கிறார்கள்.