ஈபேயில் இரண்டாவது கணக்கு: எதற்குத் திறக்கலாம், எதற்குத் திறக்கக்கூடாது

உவர்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூன்று வருடமாக ஈபேயில் பழைய இலங்கை முத்திரைகளும் தபாலட்டைகளும் விற்கிறேன். மனைவி இழைக்கும் பனையோலைப் பெட்டிகளையும் இனி விற்கலாம் என்று யோசனை. அதற்கு இன்னொரு கணக்கு திறக்கலாமா? இரண்டு கணக்கு இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதில் ஏலம் கேட்டு விலையைக் கொஞ்சம் தூக்கலாம், ஒன்றை முடக்கினாலும் மற்றது கையில் இருக்கும் என்று மச்சான் சொல்கிறார். தன்னிடம் இருக்கும் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகளையும் அதில் போடச் சொல்கிறார். சரிவருமா?"

இரண்டாவது கணக்கு திறக்கலாம். ஈபே அதைத் தடை செய்யவில்லை. வேறொரு மின்னஞ்சல் முகவரியும் வேறொரு பயனர் பெயரும் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மச்சான் சொன்ன மற்றவற்றைச் செய்ய வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் இப்படி நடந்து, வருடக்கணக்காகச் சேர்த்த பெயரை ஒரே நாளில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் ஏல விஷயம். கடற்கரையில் மீன் ஏலம் கூறும்போது நின்று பார்த்திருப்பீர்கள். வள்ளக்காரரின் தம்பியே வியாபாரிகளோடு வியாபாரியாக நின்று விலையை ஏற்றினால், அது தெரியவரும் நாளிலிருந்து அந்த வள்ளத்து மீனை யார் கேட்பார்கள்? ஈபேயில் நடப்பது இதைவிட மோசம். அங்கே ஏலம் கேட்பவர் தான் கொடுக்கக்கூடிய உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவிடுவார். போட்டிக்கு ஆள் வரும்போது மட்டும் அவர் சார்பில் விலை சிறுகச் சிறுக ஏறும்.

உங்கள் பொருளிலேயே ஓர் உதாரணம். ஆறாம் ஜோர்ஜ் காலத்து ஒரு ரூபாய் முத்திரையில் நம் திருகோணமலைக் காட்சி இருக்கும், தெரியும்தானே. அதை ஒருவர் 20 டொலர் வரை கேட்கத் தயாராகப் பதிந்திருக்கிறார். வேறு போட்டி இல்லாததால் விலை 6 டொலரில் நிற்கிறது. நீங்கள் மற்றக் கணக்கிலிருந்து 15 டொலர் கேட்கிறீர்கள். உடனே அவருடைய விலை 15.50க்கு ஏறிவிடும். அந்த ஒன்பதரை டொலரும் இல்லாத ஒரு போட்டியாளரைக் காட்டி அவரிடமிருந்து எடுத்தது. இதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் பல பயனர் பெயர்களை வைத்துக்கொண்டு, ஒருவர் போட்ட ஓவியங்களுக்கு மற்றவர் ஏலம் கேட்டுவந்தார்கள். ஒரு போலி ஓவியத்தின் விலை 135,805 டொலர் வரை போனது. அதோடு விஷயம் வெளியே வந்து, ஈபே அந்த விற்பனையை ரத்துச் செய்தது. அடுத்த ஆண்டு வால்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அது பெரிய தொகை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2010இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், தன் பழைய மினிபஸ் ஒன்றுக்கு வேறொரு கணக்கிலிருந்து தானே ஏலம் கேட்ட ஒரு சாதாரண மனிதர். அபராதம் 5,000 பவுண், கூடவே சமூக சேவை.

மனைவி கேட்டாலும், மச்சான் கேட்டாலும், ஒரே வீட்டில் இருக்கும் யார் கேட்டாலும் ஈபேக்கு ஒன்றுதான். உண்மையிலேயே வாங்கும் எண்ணத்தோடு கேட்டேன் என்ற விளக்கம் எடுபடாது. வீட்டாருக்கு ஒரு பொருள் நிஜமாகவே வேண்டுமென்றால், ஏலத்தில் இல்லாமல் நிலையான விலைக்குப் போட்டிருக்கும்போது வாங்கட்டும்.

குறைந்த விலைக்குப் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அதற்கு நேர்வழி இருக்கிறது. எந்த விலைக்குப் போனாலும் மனம் நோகாதோ, அதையே ஆரம்ப விலையாக வையுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால், அதற்குக் கீழே விற்க வேண்டியதில்லை என்ற அடிவிலை ஒன்றை மறைவாக வைக்கவும் வசதி உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் எடுப்பார்கள் என்பதால் சின்னப் பொருட்களுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது, ஒன்றை முடக்கினாலும் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கை. அது இருக்காது. பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், பணம் போகும் கணக்கு, நீங்கள் உள்நுழையும் கணினி எல்லாமே இரண்டு கணக்கும் ஒருவருடையது என்று காட்டிக்கொடுக்கும். ஒன்றை இடைநிறுத்தினால் மற்றதையும் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு புதிதாகத் திறப்பதே விதிமீறல். விற்பனை வரம்பும் இப்படித்தான். புதிய விற்பனையாளர் மாதத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று ஓர் எல்லை இருக்கும். அதைத் தாண்டுவதற்காக இன்னொரு கணக்கு திறக்காமல், வரம்பைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்காக விற்று வருபவர்களுக்குக் கூட்டித் தருகிறார்கள்.

முடக்கம் வராமல் இருப்பதற்கான வேலைதான் உண்மையான காப்பு. விற்பனையாளரின் தவறால் வரும் குறைகள் 2 வீதத்தைத் தாண்டினால் தரம் இறங்கிவிடும். வாங்கியவரின் முறைப்பாட்டை நீங்களே தீர்க்காமல் ஈபே தலையிட்டு உங்களுக்கு எதிராக முடிப்பவை 0.3 வீதத்தைத் தாண்டக்கூடாது. இங்கிருந்து போகும் பொதி கொழும்பு போய்த்தான் வெளிநாடு போகும். ஆகவே ஒரே நாளில் அனுப்புகிறேன் என்று போடாமல், உங்களால் தபாலகம் போக முடிகிற நாட்களைக் கணக்கிட்டுப் போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பதிவு இலக்கத்தை ஈபே கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

சரி, பனையோலைப் பெட்டிக்குத் தனிக் கணக்கு வேண்டுமா? உங்கள் விஷயத்தில் வேண்டும் என்றே நினைக்கிறேன். முத்திரை சேகரிப்பவர் வேறு, வீட்டுக்குப் பெட்டி வாங்குபவர் வேறு. பொதி செய்யும் முறையும் தபால் செலவும் வேறு. திரும்ப எடுக்கும் நிபந்தனையும் ஒன்றாக இருக்காது. வழியில் ஒரு பெட்டி நசுங்கிப் போய் யாராவது குறை எழுதினால், அது உங்கள் முத்திரைப் பக்கத்தில் வந்து நிற்காது. ஆனால் இங்கே சேர்த்த பின்னூட்டம் அங்கே போகாது, பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பயனர் பெயருக்குப் பக்கத்தில் முதல் மஞ்சள் நட்சத்திரம் வருவதற்கே 10 நல்ல பின்னூட்டம் வேண்டும். அதுவரை சின்னச் சின்னப் பெட்டிகளாகப் போட்டு வாருங்கள்.

தொழிலை நடத்துவது மனைவி என்றால் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அப்படியென்றால் பணம் வாங்கும் பேயோனியர் கணக்கும் வங்கிக் கணக்கும் அவருடையதாகவே இருக்க வேண்டும். இலங்கையிலிருந்து விற்பவர்களுக்கு ஈபே விற்ற காசை அனுப்புவது பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாகத்தான். வேறொருவரின் அடையாள அட்டையைக் கொடுத்துத் திறக்காதீர்கள். பிறகு சரிபார்க்க ஆவணம் கேட்கும்போது, விற்ற காசு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, ஒரே பொருளை இரண்டு கணக்கிலும் நிலையான விலைக்குப் போடக்கூடாது. ஒரே தபாலட்டையில் ஐந்து பிரதி இருந்தால், ஒரு லிஸ்டிங்கில் எண்ணிக்கை ஐந்து என்று போடுங்கள். ஒரே கணினியில் இரண்டையும் பார்ப்பதானால் வேறு வேறு உலாவியில் திறந்து வையுங்கள். வாங்குபவர் அனுப்பிய கேள்விக்கு மாறிப் போய் மற்றக் கணக்கிலிருந்து பதில் போடும் குழப்பம் எனக்கே நடந்திருக்கிறது. வந்தவர் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து, வாங்காமலே போய்விட்டார்.

மச்சானின் காசுகள் எந்தக் கணக்கு என்பதைவிடப் பெரிய விஷயம். ஒல்லாந்தர் 1796 வரை இலங்கையில் இருந்தார்கள், அவர்கள் காலத்துக் காசு என்றால் தொல்பொருள் சட்டம் எல்லையாக வைத்திருக்கும் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது. நம் நாட்டில் கிடைத்த அந்தக் காலத்துப் பொருட்களைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். காசு எங்கிருந்து கிடைத்தது என்ற விவரத்தோடு அவரைத் திணைக்களத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அங்கிருந்து எழுத்தில் அனுமதி வரும்வரை படத்தைக்கூட ஏற்ற வேண்டாம்.