மெஷ் வைஃபை மாட்டியும் பிளக், பிரிண்டர் சேரவில்லையா?

கேள்வி: கீழும் மாடியுமாக 1,400 சதுர அடி வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மூன்று யூனிட் மெஷ் (ஒரே வைஃபையைப் பல பெட்டிகள் வழியாக வீடு முழுக்கப் பரப்பும் அமைப்பு) வாங்கி மாட்டியிருக்கிறேன். ஸ்மார்ட் பிளக்கும் கேமராவும் சேரவே மாட்டேன் என்கின்றன. போனிலிருந்து பிரிண்டர் தெரிவதில்லை. டிவிக்கான காஸ்ட் பட்டன் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் காணாமல் போகிறது. மாடி ரூமில் போன் முழு சிக்னல் காட்டுகிறது, ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடைக்காரர் நான்காவது யூனிட் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த அளவு வீட்டுக்கு மூன்றே அதிகம். உங்களுக்கு இருப்பது ஒரே கோளாறு அல்ல, மூன்று. பிரிண்டரும் காஸ்ட் பட்டனும் ஒரு வகை, பிளக்கும் கேமராவும் இன்னொரு வகை, மாடி வேகம் மூன்றாவது. மூன்றையும் ஒன்றாக நினைத்து எல்லாவற்றையும் ரீசெட் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் பிரிண்டர். ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ஒரு ரவுட்டர். அதற்கென்று ஒரு வைஃபையும் உண்டு. அதற்குப் பின்னால் மெஷ் மாட்டியதால் வீட்டுக்குள் இப்போது இரண்டு ரவுட்டர்கள் ஓடுகின்றன. இதைச் சோதிக்க, போனில் வைஃபை பெயரைத் தொட்டு ஐபி முகவரியை (ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்ணை) பாருங்கள். பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவிலும் பாருங்கள். போனில் 192.168.68.52 என்றும் பிரிண்டரில் 192.168.1.14 என்றும் இருந்தால், பிரிண்டர் இன்னும் பழைய பெட்டியின் வைஃபையில்தான் இருக்கிறது. போனின் பிரவுசரில் பிரிண்டர் எண்ணை அடித்தால் அதன் பக்கம் திறக்கக்கூடச் செய்யும். ஆனால் “பிரிண்டர் எங்கே, டிவி எங்கே” என்று போன் அனுப்பும் தேடல் அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை. காஸ்ட் பட்டன் வந்து வந்து போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: டிவி பழைய வைஃபையில் இருக்கும்; போனில் இரண்டு பெயரும் சேமித்திருப்பதால் அது அங்கும் இங்கும் மாறிக்கொண்டிருக்கும்.

தீர்வு இரண்டு படி. மெஷ் ஆப்பில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ (ரவுட்டர் வேலையை விட்டு, வைஃபை பரப்புவது மட்டும்) என்று இருக்கும், அதற்கு மாற்றுங்கள். இனி முகவரி கொடுக்கும் வேலை ஃபைபர் பெட்டிக்கு மட்டும். பிறகு ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் நுழைந்து (முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும்) 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசை வைஃபையையும் அணையுங்கள். நுழைய முடியாதபடி பூட்டியிருந்தால் வாடிக்கையாளர் சேவையில் சொல்லி அணைக்கச் சொல்லலாம். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே மெஷ்ஷுக்கு வைத்துவிட்டால் டிவியும் பிரிண்டரும் பெரும்பாலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய வைஃபையை அணைக்காமல் இதைச் செய்தால் மட்டும் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஃபைபர் பெட்டியை ‘பிரிட்ஜ் மோட்’ ஆக்கி (அதன் ரவுட்டர் வேலையை நிறுத்தி), மெஷ்ஷையே ரவுட்டராக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் வேண்டுமென்றால் அதுதான் சரி, ஏனென்றால் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் பல மாடல்களில் அவை மறைந்துவிடும். ஆனால் உங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகையாக (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையத்தில் நுழையும் வகை) இருந்தால், அதன் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இல்லாமல் பிரிட்ஜ் செய்தால் இணையமே நின்றுபோகும். சிசிடிவியின் பதிவுப் பெட்டி (டிவிஆர்) வயர் வழியாக ஃபைபர் பெட்டியில் செருகியிருந்தாலும் இந்த வழி வேண்டாம்.

அடுத்து பிளக், கேமரா. இவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மட்டுமே. மெஷ் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் காட்டுகிறது. போன் 5-இல் நிற்கும்போது சில ஆப்கள் தடுமாறும். அதைவிட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது பாதுகாப்பு அமைப்பு. வைஃபை பாஸ்வேர்டைக் காக்கும் இந்த முறை பழையதில் டபிள்யூபிஏ2; புதிய மெஷ்களில் டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2/3 கலப்பு இருக்கலாம். மலிவான பிளக்குகள் கலப்பைப் பார்த்தாலே திணறும். “பாஸ்வேர்ட் தவறு” என்று பொய்யும் சொல்லும். மெஷ் ஆப்பில் ‘ஐஓடி நெட்வொர்க்’ (பிளக், கேமரா போன்ற ஸ்மார்ட் கருவிகளுக்கான தனி வைஃபை) இருந்தால் அதில் 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 மட்டும் என்று ஒரு பெயர் உருவாக்குங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். இடைவெளியும் குறியீடுகளும் வேண்டாம். ஐஓடி வசதி இல்லாவிட்டால், இணைக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து, ‘ஃபாஸ்ட் ரோமிங்’ (போன் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாற உதவும் வசதி) இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் பிளக்கைச் சேர்ப்பதில் தவறில்லை, பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். கெஸ்ட்டில் இருப்பது வீட்டின் மற்ற கருவிகளுக்குத் தெரியாது.

பிளக் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கும். பல பிளக்குகளில் வேகமாக மினுக்கினால் சாதாரண இணைப்பு முறை. அது இரண்டு தடவை தோற்றால் மறுபடி அழுத்திப் பிடியுங்கள், மெதுவாக மினுக்கும். இப்போது பிளக்கே ஒரு சிறு வைஃபை பரப்பும், போன் அதில் சேர வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் உடனே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆகவே டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவிட்டு, ஆப்புக்கு லொகேஷன் அனுமதியும், ஐபோனானால் லோக்கல் நெட்வொர்க் அனுமதியும் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி மாடி. போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் பக்கத்து யூனிட்டுக்கும் உள்ள சிக்னலை மட்டுமே காட்டும். அந்த யூனிட்டுக்கும் கீழே உள்ள முதன்மை யூனிட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அவை சொல்லாது. முதன்மை யூனிட் அருகில் நின்று ஒரு ஸ்பீட் டெஸ்ட், மாடி யூனிட்டுக்கு ஐந்தடி தள்ளி நின்று ஒன்று எடுங்கள். கீழே 90, மேலே 15 என்று வந்தால் நடுப்பாலம்தான் பலவீனம்.

கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸைக் கடுமையாக விழுங்கும். இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. மாடி ரூமில் சிக்னல் இல்லை என்று யூனிட்டை அந்த ரூமுக்குள்ளேயே வைத்தால், அதற்கே சிக்னல் வராது; அது எதைப் பரப்பும்? மாடிப்படி ஏறி முடியும் இடத்தில், தளத்தைத் துளைக்காமல் படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை வரும்படி வையுங்கள். டூயல் பேண்ட் (2.4, 5 என இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள) மெஷ்ஷில் ஒரே ரேடியோ கீழிருந்து வாங்கவும் வேண்டும், போனுக்குக் கொடுக்கவும் வேண்டும்; அங்கேயே வேகம் பாதியாகிறது. மூன்றாவது யூனிட் இரண்டாவது வழியாகச் சங்கிலிபோல் தொங்கினால் அது மேலும் குறையும். அதனால் மூன்றாவதைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். சில வீடுகளில் அதுவே மருந்து.

நிரந்தரத் தீர்வு மாடி யூனிட்டுக்கு ஒரு கேட்-6 நெட்வொர்க் வயர். வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியையும் சேர்த்து கிரிம்ப் செய்ய (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்த) சொல்லுங்கள். நான்கோடு நிறுத்தினால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. மெஷ் ரவுட்டராக இருக்கும்போது இந்த வயர் முதன்மை யூனிட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஃபைபர் பெட்டியில் செருகினால் மாடி யூனிட் மெஷ்ஷோடு சரியாகச் சேராமல் அடம்பிடிக்கும்.

வேக சோதனையில் மாடியிலும் 70, 80 வருகிறது, ஆனாலும் வீடியோ சுற்றுகிறதா? கீழிருந்து ஏறி வந்த போன் சில நேரம் கீழ் யூனிட்டையே பிடித்துத் தொங்கலாம். எந்த யூனிட்டில் இருப்பது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான், மெஷ் அல்ல. போனின் வைஃபையை அணைத்துப் போட்டதும் சரியானால் சந்தேகமே வேண்டாம். பிளக்குகளைச் சேர்த்து முடித்தபின் ஃபாஸ்ட் ரோமிங்கை மறுபடி போட்டுவிடுங்கள். ஐஓடிக்குத் தனிப் பெயர் இருந்தால் முதன்மைப் பெயருக்கு மட்டும் போதும். ஆப்பில் அலை வலிமையைக் குறைக்க வழியிருந்தால் கீழ் யூனிட்டுக்கு ‘மீடியம்’ வையுங்கள்.

டிவி 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கவே இல்லை என்றால் மெஷ்ஷின் வைஃபை சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ளவை ரேடாரோடு பங்கிடும் சேனல்கள். சில டிவிகள் அவற்றைக் கண்டுகொள்ளாது. 36 முதல் 48-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பிரிண்டரில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், அது வைஃபையில் சேர்ந்தும் முகவரி கிடைக்காமல் நிற்கிறது. முதலில் ஃபைபர் பெட்டி, அது முழுதாக எழும்ப மூன்று நிமிடம், பிறகு மெஷ், கடைசியில் பிரிண்டர் என்ற வரிசையில் அணைத்துப் போடுங்கள்.