கேள்வி பதில்: போர் தண்ணில பெட்ரோல் வாசனை

போன இதழ்ல வடசென்னை நிலத்தடி தண்ணில எண்ணெய் கலக்குறது பத்தி போற போக்குல ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கே இவ்ளோ லெட்டர். எல்லாத்துக்கும் பதில் போட இடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டதை ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், எங்க வீட்டு போர்ல ரெண்டு வருஷமா பெட்ரோல் வாசனை. புகார் குடுத்தோம், டிசம்பர்ல ஆளுங்க வந்து தண்ணி புடிச்சிட்டுப் போய் "எண்ணெய் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. ஏப்ரல்ல திரும்ப அதே நாத்தம். யாரு பொய் சொல்றது? – வாசகி, கொருக்குப்பேட்டை

யாரும் பொய் சொல்லாமலே இப்படி ஆகும்மா, கொடுமையே அதான். பெட்ரோல், டீசல் எல்லாம் தண்ணியை விட லேசு, பூமிக்குள்ள போனாலும் நிலத்தடி தண்ணி மேலதான் மிதக்கும். நம்ம பக்கம் கடற்கரை மணல், மழை பேஞ்சா தண்ணி மட்டம் சர்ருனு மேல வரும், கோடையில கீழ போகும், எண்ணெயும் அது கூடவே ஏறி இறங்கும். ஏறி இறங்குறப்போ வழியில இருக்குற மணல் பூரா பிசுக்கு ஒட்டிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில மட்டம் மேல வந்ததும் அந்தப் பிசுக்கு தண்ணிக்கு அடியில மாட்டிக்கும், போருக்குள்ள எண்ணெயா வந்து நிக்காது. சித்திரையில மட்டம் இறங்குச்சுன்னா மணல் புடிச்சு வச்சிருந்த எண்ணெயை விடும், போருக்குள்ள வடிஞ்சு சேரும்.

நான் பல வருஷம் இந்த எண்ணெய் மண்ணு க்ளீனிங் வேலையிலதான் இருந்தேன், ஒரு ரிஃபைனரிக்குள்ளயும் (எதுன்னு வேணாம்). அங்க பீசோமீட்டர்னு சொல்ற சோதனைக் குழாயில பெய்லரை இறக்குவோம், கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற நீட்டு குழாய், கயித்துல கட்டி விடணும். ஜனவரியில தூக்கிப் பாத்தா மேல லேசா வானவில் கலரு, அவ்ளோதான். மே மாசம் அதே குழாய்ல டீ டிகாக்‌ஷன் கலர்ல நாலு விரக்கடை எண்ணெய், அதுக்குக் கீழ தண்ணி. ஜனவரி ரிப்போர்ட்டை வச்சு எங்க ஆளுங்க ஸ்வீட் எல்லாம் வாங்கிக் குடுத்தாங்க, அது வேற கதை.

அதனால ஒரு தடவை டெஸ்ட் எடுத்தாங்கன்னு விட்டுடாதீங்க, மழைக்கு அப்புறம் ஒரு தடவை, அக்னி நட்சத்திரம் சமயத்துல ஒரு தடவை எடுக்கணும்னு எழுதியே குடுங்க. கண்ணுக்குத் தெரியுற எண்ணெயை மட்டும் பாத்தா பத்தாது, பெட்ரோல்ல இருக்குற பென்சீன்ங்கிற விஷப் பொருள் தண்ணில எவ்ளோ கரைஞ்சிருக்குன்னும் கேளுங்க. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு வச்சிருக்குற அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அந்த அளவுல கண்ணும் மூக்கும் எதையும் காட்டிக் குடுக்காது. சாம்பிள் புடிக்கிறப்போ பாட்டில்ல காத்து இல்லாம விளிம்பு வரைக்கும் ரொப்பி மூடி ஐஸ் பெட்டியில வைக்கிறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. பாதி பாட்டில் புடிச்சு வெயில்ல பைக்ல தொங்க விட்டுட்டுப் போனா பென்சீன் லேப் போய் சேரவே சேராது.

கேள்வி: கொதிக்க வச்சா போயிடும்னு மாமியார் சொல்றாங்க, ஆர்ஓ போதும்னு வீட்டுக்காரர் சொல்றார். எது சரி? – வாசகி, தண்டையார்பேட்டை

ரெண்டும் வேணாம். பென்சீன் 80 டிகிரியில கொதிச்சு ஆவியாகும், தண்ணிய விட்டு போகும்தான், ஆனா எங்க போகும்? அடுப்பு முன்னாடி நிக்குற உங்க மூக்குக்குத்தான். ஆர்ஓ மெம்பிரேனை எண்ணெய் நாசம் பண்ணிடும், கார்பன் ஃபில்டர் கொஞ்ச நாள் உறிஞ்சும், எப்ப நிரம்புச்சுன்னு சொல்லாமலே உறிஞ்சுறத நிறுத்திடும். வாசனை வர்ற தண்ணில வெந்நீர் வச்சு கதவ சாத்திட்டு குளிக்கறதும் கூடாது. மெட்ரோ வாட்டர் லாரிக்கு குடத்தோட நிக்கறது கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா, ஆனா குடிக்க சமைக்க குளிக்க அந்த போர் வேணாம். மோட்டார் ரூம்ல, சம்ப் மூடி திறக்குறப்போ தீக்குச்சி கிழிக்காதீங்க. உங்க ஏரியாவுலயே 2013-ல பைப்லைன் கசிஞ்சு போர்ல எண்ணெய் வந்தது ஞாபகம் இருக்குமே.

கேள்வி: எண்ணெயை பம்பு போட்டு உறிஞ்சி எடுத்துட்டா முடிஞ்சுதே, ஏன் வருஷக்கணக்கா இழுக்குறாங்க? பாக்டீரியா பவுடர் போட்டா சாப்பிட்டுடும்னு வேற சொல்றாங்களே? – வாசகர், திருவொற்றியூர்

அப்பளம் பொரிச்ச சட்டியை கவுத்துப் பாருங்க. எண்ணெய் கொட்டிடும், சட்டி சுத்தமாவா இருக்கும்? மணல் ஒவ்வொண்ணும் அந்த சட்டிதான். அமெரிக்காவுல பெமிட்ஜின்னு ஒரு ஊர் பக்கத்துல 1979-ல பைப் உடைஞ்சு சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டுச்சு, அள்ள முடிஞ்சதை எல்லாம் அள்ளியும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள்ளயே தங்கிடுச்சு. 1983-ல இருந்து விஞ்ஞானிங்க அங்கயே உக்காந்து ஆராய்ச்சி பண்றாங்க, 40 வருஷம் தாண்டியும் எண்ணெய் இருக்கு. பம்பு போட்டா முதல் கொஞ்ச மாசம் நல்லா வரும், அப்புறம் தண்ணிதான் வரும், எண்ணெய் சொட்டும். அதுக்கு மேல மண்ணுக்குள்ள இருக்குற ஆவியை வேக்வம் போட்டு இழுக்கணும், தண்ணிக்கு அடியில காத்து அடிச்சு குமிழி விடணும், எல்லாம் மாசக்கணக்கு வருஷக்கணக்கு வேலை.

பாக்டீரியா விஷயம் உண்மைதான், ஆனா மந்திரம் இல்ல. டெல்லியில இருக்குற டெரிங்கிற ஆராய்ச்சி நிறுவனம் செஞ்ச ஆயில்ஜாப்பர் அந்த மாதிரிதான், எண்ணெய் தின்ற பாக்டீரியாவை மக்காச்சோளத் தக்கை பொடியில கலந்து குடுப்பாங்க. தோண்டி எடுத்த சேத்தை அடியில தார்பாய் மாதிரி கனமான ஷீட் போட்டு பரப்பி, உரம் போட்டு, ஈரம் காயாம பாத்து, வாராவாரம் டிராக்டர் விட்டு கிளறணும், கிட்டத்தட்ட விவசாயம். சாப்பிடறதுக்கு 100 பங்கு கார்பன் இருந்தா 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் வேணும்னு ஒரு கணக்கு, யூரியாவும் டிஏபியும் அதுக்குத்தான். டீசல் மாதிரி லேசானதை சில மாசத்துல தின்னுடும், தார் மாதிரி கெட்டியானதை தொட்டுட்டு விட்டுடும். இருபது அடி ஆழத்துல காத்து இல்லாத இடத்துல இருக்குற எண்ணெய்க்கு மேல பவுடர் தூவி போட்டோ எடுத்தா அது போட்டோவுக்குத்தான் ஆகும்.

கேள்வி: 2023 வெள்ளத்துல எண்ணூர்ல எண்ணெய் வந்தப்போ டிவி எல்லாம் வந்துச்சு, பசுமை தீர்ப்பாயம் தானா கேஸ் எடுத்துச்சு. எங்க தெரு போருக்கு யாரு வருவா? – வாசகர், எர்ணாவூர்

படகுல கருப்பா ஒட்டுனது கேமராவுல தெரியும், மண்ணுக்கு அடியில ஒட்டுனது தெரியாது, அதான் வித்தியாசம். 2025 ஜூலையில மத்திய அரசு மாசடைஞ்ச இடங்களுக்குன்னே தனி விதிகள் போட்டிருக்கு. அதுபடி மாவட்ட நிர்வாகம் சந்தேகப்படுற இடங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் பண்ணணும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்ல முதல் ஆய்வு முடிக்கணும், அழுக்காக்குனவங்கதான் செலவு பண்ணணும். அதனால கலெக்டர் ஆபீசுக்கும் வாரியத்துக்கும் ரெண்டு மனு, தெருவுல எந்தெந்த வீட்டு போர்ல வாசனை, எந்த மாசம், எத்தனை அடி ஆழம்னு ஒரு நோட்டுல எழுதி அதோட நகலும் வைங்க. தீர்ப்பாயத்துல நஷ்ட ஈடு கேக்க அஞ்சு வருஷம் டைம் இருக்கு, மத்த வழக்குக்கு ஆறு மாசம்தான், அதனால "பாக்கலாம் பாக்கலாம்"னு இருக்காதீங்க. பணம் குடுத்து போரை மூடச் சொன்னா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, போரை மூடிட்டா அங்க என்ன இருந்துச்சுன்னு காட்ட உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

கேள்வி: என் தம்பிக்கு ஒரு ரிஃபைனரியில காண்ட்ராக்ட் வேலை, எண்ணெய் மண்ணு தோண்டி அள்ளுறது. தலைவலின்னு சொல்றான், மாஸ்க் போடுறானாம். பயப்படணுமா? – வாசகி, சின்ன சேக்காடு

என்ன மாஸ்க்னு கேளுங்கம்மா. துணி மாஸ்க், கொரோனா மாஸ்க் எல்லாம் தூசிக்கு ஆகும், பென்சீன் ஆவிக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி, ரெண்டு பக்கமும் ஆவியை உறிஞ்சுற டப்பா மாட்டுன ரப்பர் மாஸ்க்தான் வேணும், அந்த டப்பாவையும் மாத்திக்கிட்டே இருக்கணும். குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி கேஸ் மீட்டர் வச்சு பாக்கணும். அழுகின முட்டை நாத்தம் (ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ கேஸ் அது) வந்துட்டு திடீர்னு நின்னு போச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மூக்கு மரத்துப் போச்சுன்னும் இருக்கலாம், உடனே மேல ஏறணும். தலைவலி வந்தா வேலையை நிறுத்திட்டு சூப்பர்வைசர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, ரத்தப் பரிசோதனை கம்பெனி செலவுல கேக்கலாம். பென்சீன் பல வருஷம் உள்ள போச்சுன்னா ரத்தப் புத்துநோய் வரை கொண்டு போகும், இதுல நான் சாஃப்டா சொல்ல விரும்பல. வீட்டுக்கு வந்ததும் அந்த காக்கி துணியை குழந்தைங்க துணியோட ஊற வைக்காதீங்க, தனி பக்கெட்.