மைக்ரோவேவ் இருக்கட்டும், அந்த ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமனார் தினமும் காலையில் ஒரு எச்சரிக்கை போடுகிறார். மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் புற்றுநோய் வரும், இரவெல்லாம் போனைச் சார்ஜில் போட்டால் வெடிக்கும், தூங்கும்போது வைஃபையை அணைக்காவிட்டால் மூளை கெடும், இப்படி. நானும் வைஃபையை அணைத்துவிடுகிறேன். மைக்ரோவேவை விற்றுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். இத்தனைக்கும் வீட்டுச் சுத்தத்தில் நான் குறையே வைப்பதில்லை. கழிவறையை பிளீச், ஆசிட் இரண்டையும் சேர்த்து ஊற்றி, கண் எரிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவுகிறேன். பிள்ளைகள் சின்னவர்கள், அதனால்தான் கேட்கிறேன். (ஒரு வாசகி)

பதில்: மைக்ரோவேவைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் ஆபத்தான விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

கண் எரிந்தது சுத்தத்தால் அல்ல அம்மா, குளோரின் வாயுவால். பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். கழிவறை ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்த உடனே குளோரின் கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ரா நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை உருளை உருளையாகத் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது திறந்த வெளி. உங்களுடையது கதவு சாத்திய சின்ன அறை, அதிலும் நீங்கள் முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு தேய்க்கிறீர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், கீழேதான் தங்கும். உங்கள் பிள்ளைகளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணும் தொண்டையும்தான் எரியும், இருமல் வரும். சற்று அதிகமாக உள்ளே போயிருந்தால், சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். "அப்போது நன்றாகத்தானே இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. பிளீச்சோடு வினிகரும் சேரக் கூடாது, அம்மோனியாவும் சேரக் கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. பிளீச்சோடு அது சேர்ந்தால் குளோரமைன் வரும், அதுவும் நுரையீரலைத் தாக்குவதுதான். "எதனுடனும் கலக்க வேண்டாம்" என்று பாட்டிலிலேயே எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் போட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்தாவது ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு திரவம் போதும். இன்றைக்கு ஆசிட் என்றால் பிளீச் இன்னொரு நாள். நடுவில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எப்போதாவது தவறிக் கலந்து நெடி ஏறினால், மிச்சத்தையும் கழுவி முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் போக யோசிக்கவே வேண்டாம். மீந்த ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால், அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது மைக்ரோவேவ்.

அதற்குள் ஓடுவது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை. உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடேற்றத்தான் அதற்குத் தெம்பு உண்டு. எக்ஸ் கதிர் மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கவோ மரபணுவை உடைக்கவோ அதனால் ஆகாது. சூடான உணவில் கதிர் எதுவும் தங்கியிருப்பதும் இல்லை. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவில் தெரிகிற வலையின் ஓட்டைகளோ ஓரிரு மில்லிமீட்டர், அதன் வழியாக வெளியே வர வழியில்லை. கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும். கதவு கோணிக்கொண்டோ சரியாக மூடாமலோ இருந்தால் மட்டும் பழுது பார்க்கும்வரை தொடாதீர்கள்.

அதன் உண்மையான குறை வேறு. அது சீராகச் சூடுபடுத்தாது. தட்டின் ஓரம் கொதிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லென்ற இடத்தில் கிருமி சாகாது. அதனால் பாதியில் எடுத்துக் கிளறிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். குழந்தையின் பால் புட்டியை அதில் வைக்கவே வேண்டாம். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும், உள்ளே ஓரிடத்தில் நாக்கு வெந்துபோகும் சூடு இருக்கும். இதையெல்லாம் எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை, புற்றுநோய் அளவுக்கு இதில் சுவாரசியம் இல்லை. அடுப்பு மேடையில் இடத்தை அடைக்கிறது என்றால் விற்றுவிடுங்கள். பயந்து விற்பதானால் வேண்டாம்.

வைஃபை இயங்குவதும் கிட்டத்தட்ட இதே அலைவரிசையில்தான். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு ஏறக்குறைய ஆயிரம் வாட்டை ஒரு பெட்டிக்குள் அடைக்கிறது. வீட்டு ரூட்டர் விடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு போல, அதுவும் வீடெங்கும் சிதறிப் போய்விடுகிறது. "உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதே" என்று மாமனார் அடுத்து அனுப்புவார் பாருங்கள். 2011-ல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம், ஆதாரம் போதாது என்பதுதான் அந்தப் பிரிவு. முழு இலைக் கற்றாழைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. இரவில் ரூட்டரை அணைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் போர்வைக்குள் வீடியோ பார்ப்பது நிற்கும், அதற்காகவே அணைக்கலாம்.

போன் விஷயத்தில் மட்டும் மாமனாருக்குப் பாதி மதிப்பெண் போடுகிறேன். லித்தியம் அயான் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியதுதான். 2016-ல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 மாடலை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்று, உற்பத்தியையே நிறுத்தியது. ஆனால் அங்கே கோளாறு பேட்டரியில் இருந்தது, விடிய விடிய சார்ஜ் போட்டதில் அல்ல. நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்துகிற மின்சுற்று போனுக்குள்ளேயே இருக்கிறது. இரவு முழுக்க நூறு சதவீதத்தில் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும், அவ்வளவுதான். அதைத் தவிர்க்கத்தான் இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி வந்திருக்கிறது.

பயப்பட வேண்டிய போன் எது என்று கண்டுபிடிப்பது எளிது. உறையைக் கழற்றிவிட்டுச் சமமான மேஜையில் மல்லாக்க வையுங்கள். கேமரா மேடு இல்லாத மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். முன்பெல்லாம் ஆடாத போன் இப்போது முதுகு புடைத்து ஆடினாலோ, திரையின் ஓரம் கண்ணாடிச் சில்லு போலத் தூக்கிக்கொண்டு நின்றாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். நேராகப் பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோங்கள். நல்ல போனாக இருந்தாலும் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது தப்பு, சூடு வெளியேற வழியில்லை.

பிள்ளைகள் சின்னவர்கள் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது பொத்தான் பேட்டரியை. ரிமோட், எடை பார்க்கும் கருவி, விளக்கு எரிகிற பொம்மை, திறந்தால் பாடுகிற வாழ்த்து அட்டை என்று எங்கெல்லாமோ இருக்கும். 'சிஆர்2032' என்று பொறித்திருக்கும் வட்டம், 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, ஆசிட் போலவே சதையை அரிக்கிற காரப்பொருள் உண்டாகும். 2 மணி நேரத்திலேயே குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். ரிமோட்டுக்கு ஆகாது என்று தூக்கிப்போட்ட பழைய பேட்டரிக்கும் இதற்குப் போதுமான மின்சாரம் இருக்கிறது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், "வெளியே வந்துவிடும்" என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாமனாரோடு சண்டை வேண்டாம். அக்கறை இருப்பவர்தான், அக்கறையைச் செலவழிக்கிற இடம்தான் சரியில்லை. அவர் அனுப்புவதில் தேதி இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, "பிரபல மருத்துவர்" என்பவருக்குப் பெயர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெயரில்லாத மருத்துவர்களுக்குக் கிடைக்கிற கவனம் பெயருள்ளவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2020-ல் பிரிட்டனில் 5ஜி-யால்தான் கொரோனா பரவுகிறது என்று நம்பி செல்போன் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கதைக்கும் முதலில் யாரோ ஒருவர் "அனைவருக்கும் பகிருங்கள்" என்று போட்டிருப்பார்.

அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள். வீட்டில் உள்ள ரிமோட், பொம்மை எல்லாவற்றிலும் பேட்டரி மூடிக்குத் திருகு இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்கட்டும். திருகு இல்லாததற்கு டேப் சுற்றட்டும். தீர்ந்துபோன பேட்டரிகளை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பாவில் போட்டு மூடட்டும். ஆசிட் பாட்டிலுக்கும் அந்த உயரத்திலேயே, பிளீச்சுக்குத் தள்ளி, ஓர் இடம் பார்க்கச் சொல்லுங்கள்.