நாஸிக், மன்ஸூக்: வந்த கேள்விகளும் பதில்களும்

குர்ஆனில் முந்தி வந்த வசனத்தின் சட்டத்தைப் பிந்தி வந்த வசனம் மாற்றுவதற்கு நஸ்க் என்று பெயர். மாற்றியது நாஸிக், மாற்றப்பட்டது மன்ஸூக்.

கேள்வி: சட்டமே போய்விட்டது என்றால் அந்த வசனம் குர்ஆனில் ஏன் இருக்கிறது?

இதை, குர்ஆனைப் பிரதி எடுக்கச் செய்த மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடமே நபித்தோழர் இப்னு ஸுபைர் (ரலி) கேட்டிருக்கிறார், ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான புகாரியில் பதிவாகியிருக்கிறது. கணவனை இழந்தவளுக்கு ஓராண்டுப் பராமரிப்பு என்கிறது 2:240 (2ஆம் அத்தியாயம், 240ஆம் வசனம்). இத்தா (மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம்) நான்கு மாதம் பத்து நாள் என்று அதை மாற்றுகிறது 2:234. மாற்றிய வசனம் முன்னால் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். முஸ்ஹஃபின் (எழுத்தில் உள்ள குர்ஆன் பிரதியின்) வரிசை வேறு, இறங்கிய வரிசை வேறு. மாற்றப்பட்டதை ஏன் எழுதுகிறீர்கள் என்று இப்னு ஸுபைர் கேட்க, "என் சகோதரர் மகனே, இதில் எதையும் அதன் இடத்திலிருந்து நான் மாற்ற மாட்டேன்" என்றார் உஸ்மான். சட்டம் நின்றுவிட்டாலும் ஓதினால் நன்மை உண்டு என்பது உலமாக்களின் விளக்கம்.

கேள்வி: அல்லாஹ் முடிவை மாற்றிக்கொள்கிறானா?

இல்லை. ஒரு சட்டம் எதுவரை என்பது அவனுக்கு முதலிலேயே தெரியும், நமக்குத்தான் பிறகு தெரிகிறது என்கிறார்கள். நபியிடம் தனியே பேசுமுன் தர்மம் கொடுங்கள் என்கிறது 58:12. அடுத்த வசனமே அதைத் தளர்த்திவிடுகிறது. இன்னொன்று, நஸ்க் ஏவல் விலக்கல்களில்தான். நடந்ததாகச் சொன்ன செய்தி மன்ஸூக் ஆகாது.

கேள்வி: மன்ஸூக் வசனங்கள் இருநூறுக்கு மேல் என்று ஒருவர், ஐந்துதான் என்று இன்னொருவர். எது சரி?

சொல்லுக்கு என்ன பொருள் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொதுச் சட்டத்துக்கு விதிவிலக்கு வந்தாலும், நிபந்தனை வந்தாலும் முற்காலத்தவர் நஸ்க் என்றே சொல்லிவிடுவார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரனாடாவைச் சேர்ந்த அறிஞர் ஷாத்திபி இதை நன்றாகப் பிரித்துக் காட்டினார். எகிப்திய அறிஞர் சுயூத்தி (மறைவு 1505) இருபது சொச்சத்தில் நிறுத்தினார், டெல்லி அறிஞர் ஷா வலியுல்லாஹ் (மறைவு 1762) ஐந்துக்குக் கொண்டுவந்தார்.

பட்டியல் எப்படி ஊதியது என்பதற்கு சுயூத்தியே ஒரு சம்பவம் சொல்கிறார். பார்வையற்ற அறிஞர் ஹிபத்துல்லாஹ் (மறைவு 1019), ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைப் புகழும் 76:8இல் ‘கைதி’ மட்டும் மன்ஸூக் என்று எழுதிவிட்டார். அந்த நூலை அவர் முன்னால் வாசிக்கும்போது மகளும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும், "தவறு, வாப்பா" என்றார். எப்படி என்று கேட்டால், "கைதிக்குச் சோறு போட வேண்டும், பட்டினி போட்டுக் கொல்லக் கூடாது என்பதில் முஸ்லிம்கள் எல்லோரும் ஒன்றுபட்டிருக்கிறார்களே!" "நீ சொன்னதுதான் உண்மை" என்று ஒப்புக்கொண்டார் தந்தை.

கேள்வி: இணைவைப்பாளர்களோடு போரிடச் சொல்லும் வாள் வசனம் (9:5) பொறுமை வசனங்களை எல்லாம் ரத்து செய்துவிட்டதாமே?

நூற்றுக்கு மேல் ரத்து என்று எழுதியவர்கள் உண்டு. சுயூத்தி ஏற்கவில்லை. பலவீனமான நிலையில் பொறுமை, பலம் வந்தால் வேறு சட்டம். பழைய நிலை திரும்பினால் பழைய சட்டமும் திரும்பும், ஆகவே இது நஸ்கே அல்ல என்கிறார். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது.

கேள்வி: ஹதீஸ் குர்ஆன் சட்டத்தை மாற்றுமா?

இமாம் ஷாஃபிஈ (மறைவு 820) மாற்றாது என்றார். குர்ஆனைக் குர்ஆன்தான் மாற்றும், சுன்னாவை (நபிவழியை) சுன்னாதான். ஹனஃபி சட்டப் பள்ளியினரோ முதவாதிரான (ஒவ்வொரு தலைமுறையிலும் மிகப் பலர் அறிவித்த) ஹதீஸ் மாற்றலாம் என்பார்கள். பெற்றோருக்கு மரண சாசனம் எழுதச் சொல்லும் 2:180இல் இது முட்டும். வாரிசுக்கு வஸிய்யத் (மரண சாசனம்) இல்லை என்ற ஹதீஸ் அதை மாற்றியதா, பாகப்பிரிவினை வசனங்கள் மாற்றினவா? நடைமுறையில் நான்கு மத்ஹபிலும் (சட்டப் பள்ளிகளிலும்) வாரிசுக்கு எழுதிய சாசனம் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் நிற்காது.