நகரத்தில் இரவுச் சாப்பாடு ஏன் பெரிதாகிறது, தாமதமாகிறது?

நாளின் பெரிய சாப்பாடு மதியத்திலிருந்து இரவுக்குத் தள்ளிப்போவதை 'உணவு நேர நகர்வு' எனலாம். நகரங்களில் இது மிகவும் சாதாரணம்.

முக்கியக் காரணம் தூரம். வேலையிடம் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது. அரை மணி இடைவேளையில், கைபேசியைப் பார்த்தபடியே கிடைத்ததை விழுங்குகிறோம். மாலை நான்கைந்து மணிக்குப் பசி திரும்புகிறது, நொறுக்குத்தீனி அதை ஒப்பேற்றுகிறது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்பது இரவில்தான் என்பதால், குடும்பச் சாப்பாடும் ஒன்பது மணிக்கு மேல் போகிறது.

உடலுக்கு இதில் என்ன சிக்கல்? ஒரே அளவு உணவைக் காலையில் சாப்பிடுவதைவிட இரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது; இறங்கவும் நேரமாகிறது. கடை மூடும் வேளையில் சரக்கு வண்டி வந்து நின்றால் இறக்கி அடுக்க ஆள் போதாதல்லவா, அதுபோலத்தான். சாப்பிட்ட உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நெஞ்செரிச்சலும் வரலாம்.

நேரத்தை மாற்ற முடியாதவர்கள் அளவைப் பிரிக்கலாம்: மாலை ஆறு மணிவாக்கில் நொறுக்குத்தீனிக்குப் பதில் பாதிச் சாப்பாடு, வீட்டில் எல்லோருடனும் மீதிப் பாதி. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது. மாலையில் சாப்பிட்டும் இரவுத் தட்டைக் குறைக்காமல் விடுவதுதான் பலரும் சறுக்கும் இடம்.

இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டதெல்லாம் கொழுப்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியொரு கெடு நேரம் கிடையாது, எடையை முதலில் தீர்மானிப்பது நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவே.